பழைய கோயில், புதுக் கட்டடம்!

1300 வருஷப் பழமையான கோயில். ஆனா இப்போ நிற்கும் கட்டடம் 2013-இல் கட்டியது! எப்படின்னு கேட்கிறீங்களா?

ஜப்பானின் இசே நகரில் உள்ள ஷின்டோ கோயில் அது. தெய்வம், சூரிய தேவி அமதெராசு. கி.பி. 690 முதல், 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்துக் காலி மனையில் அதேபோல மரக்கோயில் கட்டி, தேவியை அங்கே மாற்றுகிறார்கள். பிறகு பழையதைப் பிரித்து, மரங்களை மற்ற கோயில்களுக்குக் கொடுக்கிறார்கள்.

நடுவில் போர்களால் 120 வருஷத்துக்கு மேல் நின்றுபோய், 1585-இல் மீண்டும் தொடங்கியது. 2013-இல் நடந்தது 62-வது முறை. அடுத்தது 2033.

நல்லா இருக்கிற கோயிலை ஏன் பிரிக்கணும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: 20 வயசில் உளி பிடித்துக் கற்றவர், 40 வயசில் அடுத்தவருக்குக் கற்றுத் தரலாம். மரம் உளுத்தா வேறு மரம் கிடைக்கும். தொழில் மறந்துபோனா?

யோசிச்சுப் பாருங்க!