கடையில் இனித்த ஒலி வீட்டில் கசப்பதேன்?

ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குச் செல்கிறீர்கள். விற்பனையாளர் இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்கிறார். இரண்டாவதில் பாட்டு கம்பீரமாகக் கேட்கிறது. விலை சற்று அதிகந்தான். ஆனாலும் அதையே வாங்கிவிடுகிறீர்கள். வீட்டில் வைத்துக் கேட்டால் அந்தக் கம்பீரத்தைக் காணோம். கடைக்காரர் வேறு பெட்டியைக் கொடுத்துவிட்டாரோ என்றுகூட ஐயம் எழும். பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திராது. மாறியது பெட்டியன்று, நீங்கள் கேட்ட சூழ்நிலை.

நம் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே சீராக உணர்வதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் இதனை அளந்து வெளியிட்டனர். ஒலி மெதுவாக இருக்கும்போது தாழ்ந்த சுரங்கள் செவிக்குச் சரியாக எட்டுவதில்லை. உரப்பைக் கூட்டினால் அவை மீண்டு வருகின்றன. மெதுவாக வைத்த பாட்டில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மங்கிப் போவது இதனால்தான். ஆகவே, ஒரே பெட்டியைச் சற்று உரக்க ஒலித்தாலே அது உயர்ந்த தரமுள்ள வேறொரு பெட்டிபோல் தோன்றும். வேறுபாடு மிகச் சிறிதானால், 'உரக்க இருக்கிறது' என்று நமக்குத் தெரிவதில்லை. 'நன்றாக இருக்கிறது' என்றே தோன்றுகிறது!

இதில் விற்பனையாளரின் சூழ்ச்சி இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஒரு வாட் மின்திறன் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால், ஒரு பெட்டி 86 டெசிபெல்லும் மற்றொன்று 89 டெசிபெல்லும் தரலாம். இந்த மூன்று டெசிபெல்லை ஈடுகட்ட முதற்பெட்டிக்கு இரு மடங்கு மின்திறன் கொடுக்க வேண்டும். ஆம்ப்ளிபயரின் திருகைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் போட்டி நியாயமாக இராது. இன்று செல்போனிலேயே டெசிபெல் காட்டும் செயலிகள் உள்ளன. அவை காட்டும் எண் துல்லியமாக இல்லாவிடினும், ஒப்பிடுவதற்குப் போதும். நீங்கள் அமரும் இடத்தில் போனை வைத்து, ஒரே பாட்டின் ஒரே பகுதியை ஒலித்து, இரண்டையும் சமமாக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் உங்களுடையது.

அடுத்தது அறை. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒலியின் அலைநீளம் 6.8 மீட்டர். உங்கள் அறையின் நீளம் அதில் சரிபாதியாக, 3.4 மீட்டர் இருந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலையலை உண்டாகும். அப்போது சுவரோரம் அந்தச் சுரம் அதிரும். நடுவில் அமர்ந்தவருக்கோ ஏறக்குறைய மறைந்துவிடும். பாட்டை ஒலிக்கவிட்டு அறையில் மெல்ல நடந்து பாருங்கள், தாழ்ந்த சுரங்கள் ஏறி இறங்குவது தெரியும். பெட்டியை மூலையில் வைத்தாலும் இவ்வொலிகள் மிகும். கடையில் அது மூலையில் இருந்ததா, சுவரை விட்டுத் தள்ளி நின்றதா என்று கவனித்தீர்களா?

கண்ணும் காதை ஏமாற்றும். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் டூல், ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்று. கேட்பவர்கள் பெட்டிகளைப் பார்த்தபடி மதிப்பெண் இட்டபோது ஒருவிதமாகவும், திரைக்குப் பின்னிருந்து ஒலி மட்டும் வந்தபோது வேறுவிதமாகவும் இட்டனர். இத்தனைக்கும் அவர்கள் அந்நிறுவனத்தின் ஊழியர்களே. கடையில் திரைக்கு எங்கே போவது? கண்ணை மூடிக்கொண்டு, உடன் வந்தவரைப் பெட்டியை மாற்றச் சொல்லலாம்.

எதைக் கேட்பது? கடைக்காரர் போடும் பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெட்டிக்குப் பொருந்துவதாகத் தேர்ந்தெடுத்த பாட்டாகவே அது இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் ஒருவர் பேசியதைப் பதிவுசெய்து கொண்டு போவது அதைவிட நல்லது. பழகிய குரல் மூக்கால் பேசுவதுபோலவோ, பானைக்குள்ளிருந்து வருவதுபோலவோ கேட்டால், அந்தக் குறை உடனே புலப்படும்.

அட்டையில் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டா. அப்படி அளப்பதற்குப் பொதுவான வரையறை ஏதுமில்லை. கருவியின் பின்புறம் அது மின்னிணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் திறன் குறிக்கப்பட்டிருக்கும். 40 வாட் எடுத்துக்கொள்ளும் கருவி தொடர்ந்து 40 வாட்டுக்கு மேல் எப்படித் தர இயலும்? ஆற்றல் அழிவின்மை விதி விளம்பரத்துக்கு விலக்களிப்பதில்லை.

பணம் கொடுக்குமுன் இன்னொன்று செய்யுங்கள். விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டு எதுவும் போடாமல் கருவியை இயக்கி, ஒலித் திருகை வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரருகே காதை வையுங்கள். நம் நாட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸிலோ, அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸிலோ 'உம்' என்ற முரலொலி கேட்கலாம். நீங்கள் அமரும் இடம்வரை அது எட்டினால், வேறு கருவியைக் காட்டச் சொல்லுங்கள்.