பாலையிலும் கரையும் பாறை

கரையாத மனத்தைக் கல்மனம் என்பது நம் வழக்கு. எனினும் கல்லிலும் கரையும் கல் உண்டு. சுண்ணக்கல் அத்தகையது. அது நீரிற் கரைவதால் உண்டாகும் குகை, குழி, நிலத்தடி ஆறு முதலிய நிலவுருக்களைப் புவியியலார் 'கார்ஸ்ட்' என்னும் பெயராற் சுட்டுவர். இத்தாலிக்கும் சுலோவேனியாவுக்கும் இடைப்பட்ட சுண்ணக்கல் மேட்டுநிலம் ஒன்றின் பெயரே இவ்வாறு பொதுப்பெயராயிற்று. செர்பிய அறிஞர் யோவான் சுவீயிச் 1893ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடிகோலியது. நீரே இவ்வுருக்களைச் செதுக்கும் உளியாயின், நீரற்ற பாலைவனத்தில் இவை காணப்படுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், கல் கரையும் முறையை அறிதல் வேண்டும். மழைநீர் வானிலிருந்து இறங்கும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு ஏற்கிறது. மண்ணினூடு செல்லுங்கால், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் அவ்வாயுவை மேலும் மிகுதியாக ஏற்கிறது. இதனால் அந்நீர் மென்மையான அமிலமாகிறது. அமிலநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் நுழைந்து, கல்லைக் கரைத்து, தன்னுடன் கொண்டு செல்கிறது. மயிரிழை போன்ற வெடிப்பு விரலளவாகிறது. பின்னர் ஆள் நுழையும் முழையாகிறது. ஆகவே கார்ஸ்ட் தோன்றுதற்கு வேண்டுவன மூன்று: கரையும் கல், அதில் வெடிப்பு, அமிலம் கலந்த நீர்.

அறுகம்பேயிலிருந்து தெற்கே பாணமை வழியாக உகந்தைக்குச் செல்வோர் வழிநெடுகப் பெரும் பாறைகளைக் காண்பர். உகந்தைமலைச் சுனைகள், கதிர்காமம் நோக்கி நடந்து செல்லும் அடியார் நன்கறிந்தவை. குடும்பிமலையிற் பண்டைத் துறவியர் வதிந்த கற்குகைகளும் உள. இவற்றைக் கார்ஸ்ட் எனக் கொள்ளுதல் பொருந்தாது. நம் கிழக்குக் கரையின் பாறை 'நைஸ்' என்னும் மிகப் பழைய பளிங்குருப்பாறை, சுண்ணக்கல் அன்று. பாறையின் பள்ளத்தில் தேங்கும் நீர் அதிலுள்ள சில கனிமங்களை மெல்லக் களிமண்ணாக்குகிறது. கடற்காற்றுக் கொணரும் உப்புப் பளிங்காகிப் பருக்கைகளை நெம்பிப் பெயர்க்கிறது. தோற்றம் ஒத்திருப்பினும் காரணம் வேறாதலின், இத்தகையவற்றை அறிஞர் 'போலிக் கார்ஸ்ட்' என்பர்.

நம் நாட்டில் மெய்யான கார்ஸ்டைக் காண விழைவோர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்லல் வேண்டும். அங்கே நிலத்தின் அடியிலுள்ளது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. மாரியிற் பெய்யும் மழை பாறையினுட் புகுந்து மறைகிறது. கீரிமலையிற் கடலோரத்தே நன்னீர் ஊற்றெடுப்பது இதனாலேயே. புத்தூருக்கு அணித்தான நிலாவரைக் கிணற்றை ஆழமறியாக் கிணறென்றும், இராமன் அம்பினால் உண்டாகியதென்றும் முன்னோர் போற்றினர். நிலத்தடிக் குகையின் கூரை இடிந்து வீழ்ந்தமையால் அது தோன்றியதென்பது புவியியலார் கருத்து. அதன் மேல்நீர் நன்னீர், ஆழத்திலுள்ளது உவர்நீர். கனங்குறைந்த நன்னீர், கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், மட்டத்தின் கீழ் ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு.

இனிப் பாலைக்குச் செல்வோம். அவுஸ்திரேலியாவின் தென்கரையில் 'நல்லர்போர்' என்னும் பெருஞ்சமவெளி உளது. மரமில்லாதது என்பது இலத்தீன் வழிவந்த அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 2,00,000 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய அச்சமவெளியின் மேற்பாறையும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லே. ஆயினும் உட்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் மழையே பெய்கிறது. அந்நிலத்தின் அடியிற் பெருங்குகைகள் உள. தரையிலுள்ள சிறு துளைகளினூடு காற்று உட்புகுவதும் வெளிவருவதுமாக நிலமே மூச்சுவிடுவது போலத் தோன்றும். அக்குகைகளிலுள்ள சுண்ணப் படிவுகளின் வயதை அறிஞர் கணித்தனர். அவற்றுட் பல 30 முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றுள் அகப்பட்டிருந்த மகரந்தத் துகள்கள், இன்று அங்கில்லாத மரங்களுக்கு உரியவை. 2016இல் வெளியான இவ்வாய்வினால், இன்றைய வறள்வெளி அன்று மழைவளம் மிக்க காடாயிருந்தமை புலனாயிற்று.

எனவே பாலைக் கார்ஸ்டிற் பெரும்பகுதி, மழைக்காலம் விட்டுச்சென்ற முதுசொம். வறட்சி வந்தபின் கரைதல் மிகக் குன்றியது. பனித்துளியும் அரிதாகப் பெய்யும் மழையும் கல்லின் மேற்பரப்பில் நுண்ணிய வரிகளைக் கீறுகின்றன. குகையினுள்ளே உப்புப் பளிங்குகள் வளர்ந்து சுவரைப் பிளக்கின்றன. புதிது செதுக்கும் வேலை தளர்ந்து, உடைக்கும் வேலையே மேலோங்குகிறது.

வேறு இரு வழிகளும் உள. அமெரிக்காவின் நியூ மெக்சிகோப் பாலையிலுள்ள கார்ல்ஸ்பாட் குகைகளைக் குடைந்தது மேலிருந்து இறங்கிய மழைநீரன்று. கீழேயுள்ள எண்ணெய்ப் படுகையிலிருந்து எழுந்த கந்தக வாயு, நிலத்தடி நீரில் உயிர்வளியுடன் கூடிக் கந்தக அமிலமாகிக் கல்லைக் கரைத்தது. மற்றொரு வழி, கல்லே மிக எளிதிற் கரையும் இயல்பினதாதல். சாக்கடலின் அருகிலுள்ள செதோம் மலை கல்லுப்பாலானது. அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் மழையே பெய்யினும், மல்காம் என்னும் உப்புக்குகை 10 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு செல்வதை 2019இல் அளந்து அறிந்தனர்.

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை உருக்கொள்ளும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்திற் காண்கிறோம். அடிகளார் உரைத்தது வேனிற்பருவத்து மாற்றம். நல்லர்போர்க் குகைகள் காட்டுவது பல இலட்சம் ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம். அளவு வேறாயினும், பாலை என்றும் பாலையாகவே இருந்ததன்று என்னும் உண்மை இரண்டிடத்தும் ஒன்றே.

இவ்வறிவாற் பயன் யாதெனில், குடிநீரைக் காத்தலே என்க. மணல் நீரை வடிகட்டும். குகைவழிகள் நிறைந்த சுண்ணக்கல்லோ மேலே சிந்தியதைப் பெரிதும் அவ்வாறே கிணற்றிற் சேர்க்கும். தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்றை மிகுவித்துள்ளன. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்க்கப்பட்டது. வறள்நாடுகள் பலவற்றில், மழை மிக்க பண்டைக் காலத்தில் நிலத்தினுட் சேர்ந்த நீரை இன்று இறைத்து வருகின்றனர். அது செலவானால் மீண்டும் நிரப்ப அங்கு மழையில்லை.

பொத்துவில் முதற் கல்முனை வரையுள்ள நம் கரையோரத்துக் கிணறுகளுக்கும் இப்பாடம் பொருந்தும். இங்கு நிலம் மணலாயினும், நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் முறை அதுவே. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் கிணறுகளை உவராக்கியதை இப்பகுதி மக்கள் மறந்திலர். அலை ஒருநாளிற் செய்ததை, அளவின்றி நீரிறைக்கும் இயந்திரம் சில ஆண்டுகளிற் செய்துவிடும். மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் சுவையையும் மாரியிலும் கோடையிலும் குறித்து வருவார்களாக. கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாரும் மருத்துவரும் உள்ளனர். அவர்கள் இம்முயற்சிக்குத் துணைநின்று வழிகாட்டுதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.