‘போஹோ’ வீட்டு அலங்காரம்: பன்பாய்க்கும் பிரம்புக்கும் திரும்பிய மவுசு

தெற்கே வெலிகம, அஹங்கம, ஹிரிகெட்டிய பக்கங்களிலும், கிழக்கே அறுகம்பேயிலும் அண்மைக் காலத்தில் திறக்கப்பட்ட கபானாக்களுக்குள் நுழைந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரே மாதிரியான தோற்றத்தைக் காணலாம். கூரையிலிருந்து பிரம்பு விளக்குக் கூடு தொங்கும். சுவரில் வெள்ளைப் பருத்திக் கயிற்றில் முடிச்சுப் போட்ட தொங்கல். தரையில் ஒன்றின் மேலொன்றாக இரண்டு விரிப்புகள், தாழ்வான ஓர் இருக்கை, ஒன்றோடொன்று நிறம் பொருந்தாத நாலைந்து குஷன்கள், மூலையில் மண்சாடியில் ஒரு செடி. எமது மூத்தம்மா வீட்டுப் பாயை யாரோ எடுத்து வந்து சுவரில் மாட்டிவிட்டார்கள் போலிருக்கும். இந்தப் பாணிக்குத்தான் ‘போஹோ’ என்று பெயர்.

இது வெளிநாட்டவர் தங்கும் இடங்களோடு நின்றுவிடவில்லை. கொழும்பில் அடுக்குமாடி வீடு வாங்கும் இளம் தம்பதியர், கண்டியிலும் கல்முனையிலும் புதுவீடு குடிபுகுவோர் எனப் பலரும் கையடக்கத் தொலைபேசியில் படத்தைக் காட்டி, “இந்த மாதிரி சாமான் இருக்கா?” என்று கடைகளில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். “இல்லை” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போகிறார்கள். அல்லது சீனாவிலிருந்து வந்த பிளாஸ்டிக் பிரம்பை வாங்கிப் போகிறார்கள். அவர்கள் தேடும் சாமானில் பெரும்பகுதியை எமது ஊர்ப் பெண்களும் நெசவாளர்களும் பல தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள். இடையில் நிற்க வேண்டிய வியாபாரிதான் காணாமல் போயிருக்கிறார்.

பெயரும் பின்னணியும்

‘போஹோ’ என்பது ‘பொஹீமியன்’ என்பதன் சுருக்கம். பொஹீமியா இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி. நாடோடிகளான ஜிப்ஸிகள் அங்கிருந்துதான் வந்தார்கள் என்று நம்பிய பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை அப்பெயரால் அழைத்தார்கள். பின்னர் 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் வாடகைக்குக் காசில்லாமல் மாடியறைகளில் வாழ்ந்த ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அவர்களைப் பற்றி ஹென்றி முர்ஜே எழுதிய கதைகள் 1851இல் நூலாக வந்தன. அதைத் தழுவிய புச்சினியின் இசை நாடகம் 1896இல் மேடையேறியது. 1960களிலும் 70களிலும் மொரோக்கோ, துருக்கி, ஆப்கானிஸ்தான், இந்தியா என்று தரைவழியாக அலைந்த ஹிப்பி இளைஞர்கள் திரும்பும்போது கையோடு கொண்டுபோன கம்பளங்களும் துணிகளும் இப்பாணிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தன.

அதனால்தான் இதன் பொருட்களில் பாதி முஸ்லிம் உலகிலிருந்து வந்தவை. துருக்கியினதும் ஈரானினதும் கிலிம் விரிப்பு, மொரோக்கோவின் தோல் திண்டு, துளையிட்ட உலோக விளக்கு எல்லாம் எமக்குப் புதியவை அல்ல. வெள்ளைக் கம்பளியில் கறுப்புக் கோடுகள் ஓடும் ‘பெனி உராய்ன்’ கம்பளம் மொரோக்கோ மலைகளில் வாழும் பர்பர் கோத்திரங்களின் கைவேலை. கயிற்று முடிச்சு வேலைக்கு வழங்கும் ‘மக்ரமே’ என்ற சொல்லே ‘மிக்ரமா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லப்படுகிறது. ‘சோபா’ என்பதும் அரபியின் ‘ஸுஃப்பா’தான். மஸ்ஜிதுந் நபவியின் திண்ணைக்கு வழங்கிய அதே சொல். பாயில் வட்டமாக அமர்ந்து ஸஹனில் உண்ணும் பழக்கமுள்ள எமக்கு, தாழ்வான இருக்கையைப் பற்றி ஐரோப்பியர் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை!

இலங்கையிலும் இந்த ரசனை நேற்று முளைத்ததல்ல. தந்தை வழியில் முஸ்லிம் வேர்கொண்ட கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003), பழைய வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் கைத்தறித் துணிகளோடு சேர்த்துத் தம் கொழும்பு வீட்டை அலங்கரித்தார். பார்பரா சன்சோனி 1960களில் கைத்தறியில் தொடங்கிய முயற்சிதான் பின்னர் ‘பெயார்புட்’ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. அன்று இது வசதி படைத்தோரின் ரசனையாக மட்டும் இருந்தது. இன்று நடுத்தர வர்க்கம் கேட்கிறது.

சரக்கு எங்கே இருக்கிறது?

முதலில் மருதமுனை. சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்போன இந்த ஊர் 2004 சுனாமியில் பட்ட அடியை எவரும் மறந்திருக்க முடியாது. அதற்குப் பின்னும் தறிச் சத்தம் ஓயவில்லை. ஆனால் சாரம் கட்டுவோர் குறைய, மலிவான இறக்குமதிச் சாரமும் வந்து குவிய, தறிக்கு வேலை போதவில்லை. சாரம் நெய்யும் அதே தறியில் மேசை விரிப்பு, குஷன் உறை, கட்டில் விரிப்பு, கனமான திரைச்சீலை எல்லாம் நெய்யலாம். மாற வேண்டியவை நிறமும் நூலின் தடிப்பும்தான். சாரத்தின் பளிச்சென்ற கட்டங்களை போஹோ வாடிக்கையாளர் கேட்பதில்லை. சாயமிடாத வெண்மை, மண்ணிறம், கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, காய்ந்த இலையின் பச்சை ஆகியவையே அவர்கள் விரும்பும் நிறங்கள். நெசவாளி தாமாக இதைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நிற அட்டையைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பது கடைக்காரரின் வேலை.

அடுத்தது கிழக்கின் பன்பாய். நீர்நிலைகளின் ஓரம் வளரும் பன்னை வெட்டி, காயவைத்து, சாயமேற்றி முஸ்லிம் பெண்கள் வீட்டிலிருந்தே இழைக்கும் பாய்கள் இவை. படுக்கும் பாயாக விற்கும் வரை அதற்குப் பாயின் விலைதான் கிடைக்கும். அதே பின்னலைச் சுவர்த் தொங்கலாக, மேசைத் தட்டாக, செடிச்சாடி உறையாக, மூடியுள்ள கூடையாகச் செய்வித்தால் அளவு சிறிது, கூலி நேரம் குறைவு, விலை கூடுதல். கண்டி குண்டசாலைக்கு அருகிலுள்ள தும்பறைப் பாய் நெசவு இந்த வழியில்தான் தன்னைக் காத்துக்கொண்டது. சுவர்த் தொங்கலாகவும் பையாகவும் விற்பனையாகும் அந்தக் கைவேலையை 2021இல் யுனெஸ்கோ தனது அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கிழக்கின் பன்பாய்க்கு அப்படிக் குரல் கொடுக்க இன்னும் ஆளில்லை.

பிரம்புக்குக் கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனிய இருக்கிறது. ஊரின் பெயரிலேயே பிரம்பு உண்டு. காட்டுப் பிரம்பை நினைத்தபடி வெட்ட முடியாது. உலகின் பெரும்பகுதிப் பிரம்பு விளையும் இந்தோனேசியாவோ, பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியை 2012 ஜனவரி முதல் தடைசெய்தது. எனவே பிரம்புச் சாமான் மலிவாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். பெரிய கதிரைகளை விட விளக்குக் கூடு, கண்ணாடிச் சட்டம், தட்டு போன்ற குறைந்த பிரம்பில் செய்யும் பொருட்களில் இறங்குவதே புத்தி. பனையோலை வேலைக்கு யாழ்ப்பாணமும் மன்னாரும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொரோக்கோப் பெண்கள் பழைய உடைகளைக் கிழித்து நெய்யும் கந்தல் விரிப்புக்கு ‘பூஷெர்வித்’ என்று பெயர். ஐரோப்பியக் கடைகளில் அதற்குப் பெரிய மதிப்பு. எமது ஆடைத் தொழிற்சாலைகளின் கழிவுத் துணியில் செய்யும் கால்மிதியைத்தான் நாம் சந்தையில் குவித்து வைத்து விற்கிறோம். துணியை நிறம் பிரித்து, இரண்டு மீற்றர் நீளத்துக்கு நெய்யச் சொன்னால் அது கால்மிதியல்ல, அறை விரிப்பு.

இறக்குமதியா, உள்ளூரா?

கூடை, விளக்குக் கூடு, திண்டு எல்லாம் பாரம் குறைந்து இடத்தை அதிகம் அடைப்பவை. கொள்கலனில் பங்கு போட்டுச் சரக்குக் கொண்டுவருவோர் கூலி கட்டுவது பெரும்பாலும் கனமீற்றர் கணக்கில்தான். அதாவது நாம் டொலர் கொடுத்துக் காற்றை இறக்குமதி செய்கிறோம். இந்த வகைச் சரக்கில் உள்ளூர் உற்பத்திக்கு இயல்பாகவே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்ததும், 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதும் புறக்கோட்டையில் எவருக்கும் மறக்காது. கைத்தறிக்கும் நூல் வெளியிலிருந்துதான் வருகிறது என்பது உண்மையே. ஆயினும் பன்னும் பனையோலையும் டொலர் பார்த்து வளர்வதில்லை.

பிளாஸ்டிக் பிரம்பு விற்பது குற்றமல்ல. மழை நனையும் வராந்தாவுக்கு அதுதான் பொருத்தம். அதைப் பிரம்பு என்று சொல்லி விற்பதும், இயந்திரத்தில் அச்சடித்த துணியைக் கைத்தறி என்று விற்பதும்தான் மோசடி. இப்போதைய வாடிக்கையாளர் விபரம் தெரிந்தவர். பிரம்பின் வெட்டுமுகத்தில் நுண்ணிய துளைகள் தெரியும். பிளாஸ்டிக்கில் தெரியாது. நெய்த கோலம் துணியின் இருபுறமும் தெரியும். அச்சடித்த துணியின் மறுபுறம் வெளிறியிருக்கும். கடைப் பையன்களுக்கு முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள். பருத்தி, பன், பிரம்பு, பிளாஸ்டிக் எதுவென்று விலைச் சீட்டிலேயே எழுதிவிட்டால் பேச்சே இல்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம்

போஹோ என்ற பெயரில் வெளிநாட்டிலிருந்து கட்டுக் கட்டாக வரும் துணிகளிலும் தொங்கல்களிலும் புத்தர் தலை, தர்மச் சக்கரம் போன்ற வட்டக் கோலங்கள், இந்துத் தெய்வ உருவங்கள் சர்வசாதாரணம். இலங்கையில் இது விளையாட்டல்ல. 2014 ஏப்ரலில், கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கட்டுநாயக்கவில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். 2019 மே மாதம், ஹசலகையில் கப்பலின் சுக்கான் சக்கரம் பொறித்த ஆடை அணிந்த ஒரு முஸ்லிம் சகோதரி, அது தர்மச் சக்கரம் என்ற குற்றச்சாட்டில் கைதாகிப் பல நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார். அவர் அணிந்தது கடையில் வாங்கிய ஆடை. அப்படியான குஷன் உறையைக் கடை வாசலில் அடுக்கி வைக்கும் முதலாளி என்ன சொல்லித் தப்புவார்? பொதி பிரிக்கும்போதே ஒவ்வொரு கோலத்தையும் பார்த்துச் சந்தேகமானதை ஒதுக்கிவிடுங்கள். பிறர் புனிதமாகக் கருதுவதை மிதியடியாக விற்காதிருப்பது சட்டத்துக்கு முன்பே பண்பாடும்கூட.

எமது மார்க்க வரம்பும் உண்டு. உருவங்கள் இருந்த திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்து அகற்றியதும், ஆயிஷா (ரழி) அவர்கள் அத்துணியைத் தலையணைகளாக மாற்றிக்கொண்டதும் ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளன. மிதிபடும் பொருளில் உள்ள உருவத்தின் சட்டம் பற்றி உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். கண்ணேறுக்கு மாட்டும் நீலக்கண் மணி, கெட்ட கனவைப் பிடிக்கும் என்று அமெரிக்கப் பழங்குடியினர் நம்பிய இறகு வளையம் ஆகியவற்றையும் ‘அழகுக்குத்தானே’ என்று எமது கடைகள் தொங்கவிடுவது சரியாகப் படவில்லை. இவை எதுவுமின்றியும் போஹோ அறை அழகாகவே இருக்கும். கோட்டுக் கோலமும் இலையும் கொடியும் போதும்.

கடையில் செய்ய வேண்டியது

இப்பாணியை சோபா செட் போல ‘செட்’டாக விற்க முடியாது. பொருந்தாதவற்றைப் பொருத்துவதுதான் இதன் அழகு. வாடிக்கையாளர் இம்மாதம் ஒரு விளக்குக் கூடு, அடுத்த சம்பளத்தில் ஒரு விரிப்பு என்று சேர்ப்பார். அதனால் அவர் திரும்பத் திரும்ப வருவார். கடையில் எட்டடிக்கு எட்டடியில் ஒரு மூலையை அறை போல அமைத்துக் காட்டுங்கள். அதில் தொங்கும் மின்குமிழ் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சமாக இருந்தால் அத்தனையும் வீண். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில்தான் பன்னும் பிரம்பும் உயிர் பெறும். குமிழையும் சேர்த்தே விற்கலாம்.

ஈரம்தான் இந்தச் சரக்கின் எதிரி. மாரி காலத்தில் பன்பாயில் பூஞ்சணம் பிடிக்கும். பிரம்பை வண்டு துளைக்கும். சீமெந்துத் தரையில் நேரடியாக அடுக்காமல் பலகைத் தட்டில் வைத்துக் காற்றோட்டம் விடுங்கள். பிரம்பு வாங்கும்போது, போரக்ஸ்–போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். சாயமிட்ட பாய் நேரடி வெயிலில் நிறம் மங்கும் என்பதை வாங்குபவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விடயம். நெசவாளியிடமும் பாய் இழைக்கும் பெண்ணிடமும் மூன்று மாதக் காசோலை கொடுத்துச் சரக்கு எடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலைக் கொன்றுவிடும். நூல் வாங்கவே கடன்படும் ஒருவரால் தொண்ணூறு நாள் காத்திருக்க முடியாது. இதற்கு எமது மார்க்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ‘இஸ்திஸ்னா’ என்ற ஒப்பந்தத்தில் அளவு, நிறம், தரம், விலை யாவும் முன்கூட்டியே முடிவாகும். பணத்தைத் தவணையாகக் கொடுக்கலாம். ஒரு பங்கை நூலுக்கு முற்பணமாகவும், ஒரு பங்கைத் தறியிலிருந்து இறங்கும்போதும், மீதியைச் சரக்குக் கையில் வந்ததும் கொடுத்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. முழுப்பணத்தையும் முன்னரே கொடுத்து ‘ஸலம்’ முறையில் வாங்குவோரும் உண்டு. எந்த முறையாயினும் எழுத்தில் இருக்கட்டும்.

அறுகம்பேயில் பருவம் ஏப்ரலில் தொடங்கும், தெற்குக் கரையில் நவம்பரில். விடுதிக்காரர்கள் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அறைகளைப் புதுப்பிக்கத் தொடங்குவார்கள். அறுகம்பேக்குச் சரக்குக் கொடுக்க விரும்புவோர் மருதமுனைத் தறிக்கு நிற அட்டையை நவம்பர் மாதத்திலேயே கொண்டு சேர்த்துவிட வேண்டும்.