ஆறாவது வாரத்தில் தாய்க்கும் ஒரு பரிசோதனை

"எந்த மாதம் வரை வேலைக்குப் போகலாம், டாக்டர்?" பணிபுரியும் கர்ப்பிணிகள் வெளிநோயாளர் பிரிவில் எழுப்பும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவே. வேறு சிக்கல் இல்லாதவர்கள், கடும் உடலுழைப்பு தேவைப்படாத பணியாயின், பிரசவத்தை ஒட்டிய வாரங்கள் வரை தொடரலாம். கர்ப்பகால நீரிழிவு கண்டறியப்பட்டவர்களும் பணியை விட வேண்டியதில்லை. ஆனால் பணிநாளின் ஒழுங்கைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

கர்ப்பத்தின்போது நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துகின்றன. கணையம் அதற்கு ஈடுகொடுக்க இயலாதபோது ரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. இதற்குப் பெரும்பாலும் அறிகுறி எதுவும் இராது, பரிசோதனையில்தான் தெரியவரும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை அருந்தி, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்கிறோம். இதற்கு வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்திய இம்முறை, நெடுந்தொலைவிலிருந்து வருவோருக்கும் விடுப்பு எடுக்க இயலாதோருக்கும் பெரும் உதவி. முதல் வருகையில் இயல்பாக இருந்தாலும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.

பணிக்குச் செல்பவர்களிடம் நான் அதிகம் காணும் சிக்கல், உணவின் அளவைவிட நேரம்தான். காலை ஏழு மணிக்கு ஒரு காபியுடன் பேருந்து ஏறி, மதியம் ஒரு மணிக்குப் பசியோடு சோற்றை நிறைய உண்டால் சர்க்கரை சட்டென ஏறும். காலையில் இரண்டு இட்லியாவது சாம்பாருடன் உண்டு கிளம்புங்கள். பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஒரு கைப்பிடிச் சுண்டல் போதும். மதிய உணவுக்குப்பின் பத்து நிமிடம் நடப்பது நல்ல மருந்து. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்காதீர்கள். தேநீர் அச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் கைப்பையில் குளுக்கோஸ் வைத்திருப்பது அவசியம். கைநடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே அருந்தலாம்.

பணியிடத்தில் கழிப்பறை வசதி குறைவென்று தண்ணீரே அருந்தாமல் இருப்போர் பலர். கர்ப்பகாலத்தில் சிறுநீர்த்தொற்று எளிதில் வரும். அது சிறுநீரகம் வரை பரவினால் குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். கழிப்பறைக்குச் செல்லவும் உட்காரவும் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடைகளில் நின்றபடியே பணிபுரிவோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது.

கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், பணி முடியும்வரை பொறுத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தலைவலியும் பார்வை மங்கலும் பிரசவத்துக்குப்பின் ஆறு வாரங்கள் வரைகூட ரத்த அழுத்தத்தின் அடையாளமாக இருக்கலாம்.

விடுப்பைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது; அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். முழுவதையும் குழந்தைக்கென்று சேமித்துவைத்துக் கடைசி நாள் வரை பணியாற்றுவோரின் மனம் எனக்குப் புரிகிறது. எனினும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கட்டுக்கடங்காதவர்களுக்கு அது ஏற்றதன்று.

பணிக்குத் திரும்பும்போது தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. கறந்த பாலைக் குளிர்பதனப்பெட்டியில் நான்கு நாள் வரை வைக்கலாம். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், உடனே குளிரில் வையுங்கள். கொதிக்கவைக்காமல், வெந்நீரில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கிப் பாலாடையில் புகட்டலாம். பாலூட்டுவது தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. பிரசவ லேகியத்தைப் பற்றி ஒரு சொல்: கருப்பட்டியும் சர்க்கரைதான்.

இனி நான் பெரிதும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். குழந்தை பிறந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று வீடே நிம்மதி அடைகிறது. தாய் விடுப்பு முடிந்து பணிக்குச் சென்றுவிடுகிறார். ஆனால் கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பின்னாளில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அது தெரியாமலே அடுத்த கர்ப்பம் தரித்தால், குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களிலேயே உயர்ந்த சர்க்கரை அவற்றைப் பாதிக்கக்கூடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாவதற்குள் அவ்வாரங்கள் கடந்துவிடுகின்றன.

ஆகவே ஆறாவது வாரத்தில் ஒரு பரிசோதனை அவசியம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடும் நாளை எந்தக் குடும்பமும் தவறவிடுவதில்லை. அதே நாளில் தாய்க்கும் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். இம்முறை மட்டும் முந்தைய இரவு உணவுக்குப்பின் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உட்கொள்ளாமல் வர வேண்டும். குளுக்கோஸ் அருந்தியபின் இரண்டு மணி நேரம் இங்கேயே இருக்க வேண்டும். இடையில் குழந்தைக்குப் பாலூட்டலாம். முடிவு இயல்பாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பகாலக் கோப்பையும் உடன் கொண்டுவாருங்கள். பாட்டியோ கணவரோ ஒருவர் கூட வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள எளிது.