துறை கடந்த கருத்தரங்குக்குப் பொருள் எங்கிருந்து வரும்?

பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் ஆற்றையொட்டி, வண்ணாந்துறை என்று தமிழர் வழங்கும் குடியிருப்பு ஒன்று உண்டு. துணி வெளுப்போர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. அவ்விடத்தைப் பற்றி ஒரு வினாவை எழுப்பினால் அது நான்காகப் பிரிகிறது. ஆற்றுநீர் எவ்வாறு மாறியது? நிலம் யார் பெயரில் இருந்தது? சாதிக்கும் தொழிலுக்கும் இருந்த பிணைப்பு கடல் கடந்தபின் என்னவாயிற்று? சலவை இயந்திரம் வந்தபின் வருவாய் எப்படிக் குறைந்தது? புவியியலார், சட்ட வரலாற்றார், மானிடவியலார், பொருளியலார் ஆகியோர் தத்தம் அறையில் இருந்துகொண்டு ஆளுக்கொரு விடை தரலாம். அவ்விடைகள் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள வேண்டுமாயின், அந்நால்வரும் அத்தொழிலைச் செய்த முதியவர் ஒருவரும் ஒரே மேசையைச் சுற்றி, மாதம் ஒருமுறையாவது, ஓரிரு ஆண்டுகள் அமர வேண்டும். துறை கடந்த கருத்தரங்கு என்று நாம் குறிப்பது இதனையே.

இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. ஓர் அறை, தேநீர், வெளியூர் அறிஞர் ஒருவரின் பயணச்செலவு, பேசியதை எழுதிவைக்க ஒரு மாணவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர், இவ்வளவே. தமிழும் மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் வழங்கும் இத்தீவில் மொழிபெயர்ப்பாளரை மட்டும் விட்டுவிட இயலாது. தொகை சிறிதாயினும் அது ஆண்டுதோறும் தவறாமல் வரவேண்டும். அதுவே கடினமாக இருக்கிறது.

1969இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மற்றப் பல்கலைக்கழகங்களைப் போலப் புலங்களாகப் பிரியாமல், கல்வி மையங்களாக அமைக்கப்பெற்றது. பொருளியல், அரசியல், சமூகவியல், மானிடவியல், சமூகப்பணி ஆகியவை சமூக அறிவியல் மையம் என்னும் ஒரே கூரையின் கீழ் வந்தன. சுவர்களைக் குறைத்துக் கட்டிய நிறுவனம் அது என்று சொல்லலாம்.

ஆனால் ஆய்வுப் பணத்திற்குத் தனிச் சுவர்கள் உண்டு. உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியம் போன்ற திட்டங்களில் விண்ணப்பிப்பவர் முதலில் தம் ஆய்வுக்களத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். நோக்கம், கால அட்டவணை, வெளிவரப்போகும் கட்டுரைகள், பயிற்சி பெறப்போகும் மாணவர் ஆகியவற்றை முன்கூட்டியே காட்ட வேண்டும். பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்பதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் கருத்தரங்கு விடையோடு தொடங்குவதில்லை. சரியான வினா எது என்று தேடவே அது கூடுகிறது. இரண்டு ஆண்டு பேசியபின் 'நாம் கேட்ட கேள்வியே தவறு' என்று உணர்வதும் ஒரு பயன்தான். அதனை எந்த விண்ணப்பப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அரசு தராவிடின் சமூகம் தரலாம். அதற்கு இந்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1950களில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் சமஸ்கிருதத்திற்கு முதலிடமா, தமிழுக்கா என்ற வழக்கு எழுந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். உழைப்பாளிகள் தம் கைக்காசைக் கொடுத்தனர். அத்துறையில் தமிழ் நூல்கள் சேர அந்நிதி உதவியது. அத்துறையின் தலைவராயிருந்த தனிநாயக அடிகளின் முயற்சியால் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத்தமிழ் மாநாடு கூடியது. அதற்கு 'மாநாட்டுக் கருத்தரங்கு' என்றே ஆங்கிலத்தில் பெயரிட்டிருந்தனர். மொழியியலாரும் வரலாற்றாரும் தொல்லியலாரும் ஒருங்கே அமர்ந்தனர். கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. 1968இல் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தபோது கடற்கரையில் சிலைகள் எழுந்தன. அச்சிலைகளின் மீது நமக்கு வெறுப்பில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவதற்கே நம்மவர் பொருள் தருவர் என்பதை அவை காட்டுகின்றன. உபயதாரர் பெயரை எழுதி எழுதியே கோயில் குழல்விளக்கின் ஒளியை மறைத்தவர்கள் நாம்.

கண்ணுக்குத் தெரியாத கல்விக்கும் நம்மவர் கொடுத்ததுண்டு. ரா. பி. சேதுப்பிள்ளை தம் அன்னையார் சொர்ணம்மாள் பெயரால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 25,000 ரூபாய் வைத்து அறக்கட்டளை நிறுவினார். முதல் குறையாது, வட்டியால் சொற்பொழிவு நடக்கும். கோயிற் கட்டளையும் தமிழ் முஸ்லிம்களின் வக்பும் இவ்வழியினவே. முதலைக் காத்துப் பயனைச் செலவிடுவது நமக்குப் புதிதன்று. ஆயினும் அறக்கட்டளை வைத்த தமிழர் பெரும்பாலும் ஒருவர் பேசப் பலர் கேட்பதற்கே வைத்தனர். பலர் அமர்ந்து ஒருவரையொருவர் மறுப்பதற்கு வைத்தோர் அரியர். சொற்பொழிவு வரிசை ஒன்றிலேயே இதனைச் சொல்வது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் இதனைச் சொல்ல இதைவிட நல்ல இடமும் இல்லை.

மறுப்பதற்கென்றே வைத்த முதல் ஒன்று நியூயார்க் நகரில் உண்டு. வரலாற்றறிஞர் பிராங்க் டானன்பாம் 1945இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஐந்து கருத்தரங்குகளைத் தொடங்கினார். உறுப்பினர் பல துறையினர். பல்கலைக்கழகத்திற்கு வெளியே உள்ளவர்களும் உண்டு. எவருக்கும் ஊதியம் இல்லை. எதைப் பேசுவது என்பதை உறுப்பினரே முடிவு செய்வர். நடந்ததைக் குறித்துவைக்க ஒரு மாணவர் இருப்பார். டானன்பாமும், பாலித்தீவை ஆராய்ந்த மானிடவியலாளரான அவர் துணைவி ஜேன் பெலோவும் தம் செல்வத்தை இக்கருத்தரங்குகளுக்கே விட்டுச்சென்றனர். அவை இன்றும் நடக்கின்றன.

பினாங்கில் இத்தகைய முதல் ஒன்றை வைக்க முன்வருவோர் அதன் சாசனத்தில் மூன்றைத் தெளிவாக எழுதவேண்டும் என்பது நம் கருத்து. உறுப்பினரில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும். பொருளை உறுப்பினர் தெரிவுசெய்வரேயன்றிக் கொடையாளர் தெரிவுசெய்யலாகாது. வட்டி குறைந்த ஆண்டில் விருந்தும் நினைவுப் பரிசும் நிற்கலாம். குறிப்பெழுதும் மாணவரின் ஊதியமும் மொழிபெயர்ப்பாளரின் ஊதியமும் நிற்கலாகாது. குறிப்பு இல்லையேல் அடுத்த மாதம் கூடுவோர் மீண்டும் முதலிலிருந்தே தொடங்குவர். மொழிபெயர்ப்பு இல்லையேல் வண்ணாந்துறை முதியவர் மறுமுறை வரமாட்டார்.