சுவரில் ஒரு சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சுவர் இருந்தும் சித்திரம் மறைந்துபோவதை நான் ஒடுகத்தூரில் கண்டேன்.

எங்கள் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையின் பக்கச் சுவரில், உள்ளூர் ஓவியர் ஒருவர் ஜவ்வாது மலையையும், கூடை சுமந்து இறங்கிவரும் பெண்ணொருத்தியையும் தீட்டியிருந்தார். நாள்தோறும் அதனெதிரே நின்றுதான் பேருந்து ஏறினேன். பொங்கலுக்கு முன் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். "ஒரு போட்டோவாவது வச்சிருக்கியா தம்பி?" என்று அவர் கேட்டபோது நான் தலைகுனிந்தேன்.

சுவரோவியத்தின் விதியே இதுதான் போலும்! தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பது 1931இல்தான் வெளிப்பட்டது. ஆம்பூருக்கு அருகே மலையாம்பட்டில் உள்ள அர்மாமலைக் குகையின் சமண ஓவியங்களும் நமக்கு அண்டையில் உள்ளவையே. கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவை சித்தன்னவாசலை நினைவூட்டுபவை. இன்று பெரும்பகுதி சிதைந்து, ஆங்காங்கே வண்ணமே எஞ்சியுள்ளது.

ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மீது தீட்டிய வண்ணம், சுண்ணாம்பு இறுகும்போது அதனோடு ஒன்றிவிடும். ஆதலால் நெடுநாள் நிற்கும். உலர்ந்த சுவரில் தீட்டியது எளிதில் உதிரும். நம் தெரு ஓவியங்களோ வெயிலில் வெளுத்துவிடுகின்றன.

இக்கலை இன்று புதுவாழ்வும் பெற்றுள்ளது. சென்னையின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் 2000 முதல் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரில், 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தன. ஏளனமாகப் பேசப்பட்ட பகுதியைக் காணவே பலர் வரலாயினர்.

படமெடுக்க விரும்பும் நண்பர்களுக்குச் சில சொல்வேன். சுவருக்கு நேரெதிரே நில்லுங்கள். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் கட்டடம் பின்னே சாய்ந்ததுபோல் தோன்றும். எதிர்வீட்டு மாடி கிடைத்தால் நன்று. உச்சி வெயிலைத் தவிர்த்து, சுவர் முழுவதும் நிழலிலிருக்கும் வேளையில் எடுங்கள்; வண்ணம் சீராக விழும். முழுச் சுவரை ஒருமுறையும், நுணுக்கங்களைத் தனித்தனியாகவும் எடுக்க வேண்டும். அருகில் ஓர் ஆள் நின்றால் அளவு விளங்கும். பழைய ஓவியங்களைத் தொடவோ, பளிச்சிடட்டுமென நீர் தெளிக்கவோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேதியையும் தெருவையும் ஓவியர் பெயரையும் குறித்து வையுங்கள்.

அந்த ஓவியருக்கு இப்பொழுது வேலை குறைவு. பிளக்ஸ் பலகைகள் வந்துவிட்டன. அவர் கைவண்ணம் ஊரில் இன்னும் இரண்டு சுவர்களில் உள்ளது. சென்ற ஞாயிறன்று அவரையே அருகில் நிற்கவைத்து இரண்டையும் எடுத்தேன்.

உங்கள் தெருச் சுவரையும் இன்றே ஒருமுறை பாருங்கள். நாளை வெள்ளையடிக்கப்படலாம் அல்லவா?