வீட்டைவிட்டு வெளியேறினாலும் துரத்தும் ஓ.டி.பி! - குடும்ப வன்முறையிலிருந்து தப்பும் பெண்ணின் முகவரியைக் காப்பது யார்?

ஆவடியை அடுத்த வெள்ளானூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் போனால், அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே ஆதார் நகலைக் கேட்பது இப்போது சகஜம். தனியாக வந்திருக்கும் பெண் என்றால், 'வீட்டுக்காரர் நம்பர் குடும்மா' என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு இதெல்லாம் வெறும் சம்பிரதாயம். ஆனால், அடி உதை தாங்காமல் கைக்குழந்தையோடு வெளியேறி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வேலையைப் பிடித்து, இங்கே ஒரு சின்ன போர்ஷனில் ஒதுங்க நினைக்கும் பெண்ணுக்கு, அந்த ஆதாரும் அந்த போன் நம்பரும்தான் ஆபத்து.

யோசித்துப் பாருங்கள். அவர் கையில் இருக்கும் சிம் கணவர் பெயரில் வாங்கியது. ஆதாரோடு இணைத்திருப்பது கணவரின் எண். ரேஷன் கடையில் அரிசி வாங்கினால் எஸ்.எம்.எஸ் போவது அந்த எண்ணுக்கு. வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்கு என்றால், எந்தக் கடையில் எத்தனை ரூபாய் ஜிபே செய்தார் என்பது அங்கே தெரிந்துவிடும். போன் வாங்கிய நாளில் ஜிமெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவரும் கணவராக இருந்தால், பாஸ்வேர்டு அவரிடம். போன் எங்கே இருக்கிறது என்பதும் அவர் கையில். பஸ் ஏறித் தப்பி வந்த பெண்ணை, ஒரு ஓ.டி.பி காட்டிக்கொடுத்துவிடும்.

இது யாரோ நான்கு பேருக்கான பிரச்னை அல்ல. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் சுமார் 38 சதவிகிதத்தினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அதே ஆய்வு, தாங்களே பயன்படுத்தும் மொபைல் போன் வைத்திருக்கும் பெண்கள் இங்கே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு என்கிறது. வன்முறையும் போனும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன.

2005 சட்டம் என்ன சொல்கிறது?

'குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம்' 2005ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. கேவலமாகப் பேசுவது, பாலியல் கொடுமை, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது எல்லாமே வன்முறை என்று அது வரையறுத்தது. மனைவி மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண் ஆகியோரும் இதில் பாதுகாப்பு கேட்கலாம்.

தகவல் பாதுகாப்பு என்ற சொல் பரவலாவதற்கு முன்பே எழுதப்பட்ட இந்தச் சட்டத்தில், அதற்கான விதைகள் இருக்கின்றன. பிரிவு 16-ன்படி, இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலும் வழக்கை மூடிய அறையில் விசாரிக்கலாம். பிரிவு 18-ன் கீழ் மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவு, நேரில் மட்டுமன்றி போன், மின்னணு வழிகளில் தொடர்புகொள்வதையும் தடுக்கும். அதை மீறினால், பிரிவு 31-ன்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2006-ம் ஆண்டு விதிகளில் 16-வது விதி இன்னும் முக்கியமானது. பெண் விரும்பினால், அவர் தங்கியிருப்பதைக் காப்பகம் வெளியில் சொல்லக் கூடாது. புகாருக்கு உள்ளான நபருக்கும் தெரிவிக்கக் கூடாது.

சிக்கல், காப்பகத்தைவிட்டு வெளியே வந்ததும் ஆரம்பிக்கிறது. பிரிவு 27, பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம் என்கிறது. வெள்ளானூரில் வாடகைக்கு இருப்பவர், சொந்த ஊர் வரை அலைய வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால், எந்த நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது என்பதை வைத்தே, அவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று கணவர் ஊகித்துவிடலாம். பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் குடும்ப வன்முறை அறிக்கைப் படிவத்தில், தற்போதைய முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கட்டங்கள் இருக்கின்றன. மனுவின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும்போது, முகவரியும் சேர்ந்தே போய்விடும் வாய்ப்பு இருக்கிறது.

வீட்டுக்குள் வராத தனியுரிமைச் சட்டம்

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னது. அதன் தொடர்ச்சியாக, 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள், அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பிறகே அமலாகும். விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

ஆனால், ஒருவர் தன் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் தகவல்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அதன் 3-வது பிரிவு. மளிகை லிஸ்ட்டையும் உறவினர் நம்பர்களையும் சட்டத்துக்குள் இழுக்கக் கூடாது என்பதற்கு இந்த விலக்கு தேவைதான். ஆனால், மனைவியின் போனைக் குடையும் கணவரையும் இந்தச் சட்டத்தைக் கொண்டு கேள்வி கேட்க முடியாது.

அதற்கு வேறு சட்டங்களைத்தான் நாட வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 78, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாகச் சேர்த்திருக்கிறது. முதல் முறை மூன்றாண்டு வரை சிறை. சூழ்நிலைக்கு நியாயமான செயல் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம் என்ற விலக்கு அதில் உண்டு. ஆனால், கணவர் என்பதாலேயே விலக்கு என்று எங்கும் எழுதப்படவில்லை. அனுமதியில்லாமல் ஒருவரது கணக்கிலோ கருவியிலோ நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும்.

பரமக்குடி வழக்கு

மனைவியின் போன் ரகசியம் பற்றித் தமிழ்நாட்டிலேயே ஒரு முக்கியத் தீர்ப்பு உண்டு. பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட ஒருவர், மனைவியின் போன் அழைப்புப் பட்டியலை ஆதாரமாகத் தாக்கல் செய்தார். மனைவி எதிர்த்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், 2024 அக்டோபரில் மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். தம்பதிக்கு இடையிலும் தனியுரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற ஆதாரத்தை ஏற்க முடியாது என்பது அதன் சாரம்.

2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், பஞ்சாபிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் வேறு கோணத்தில் பார்த்தது. கணவன் மனைவி இடையிலான வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலையும் ஆதாரமாக ஏற்கலாம் என்றது. இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. நான்கு சுவருக்குள் மிரட்டப்படும் பெண்ணுக்கு, போனில் பதிவான குரல்தான் சில நேரம் ஒரே சாட்சி. அதே கதவு வழியாக, மனைவியை வேவு பார்த்த கணவரின் பதிவுகளும் நீதிமன்றத்துக்குள் வரலாம்.

தனியுரிமை சில நேரம் பெண்ணுக்கு எதிராகவும் நிற்கும். ஜீவனாம்ச உத்தரவு வாங்கிய கர்நாடகப் பெண் ஒருவர், கணவர் இருக்கும் இடம் தெரியாமல் அவரது ஆதார் முகவரியைக் கேட்டார். திருமணம் ஆனதால் கணவரின் தனியுரிமை இல்லாமல் போய்விடாது, அவர் தரப்பையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்று 2023ல் சொன்னது கர்நாடக உயர் நீதிமன்றம்.

கசிந்த எஃப்.ஐ.ஆர் கற்றுக்கொடுத்தது

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நேர்ந்த கொடுமையை யாரும் மறந்திருக்க முடியாது. அவருடைய அடையாளத்தோடு எஃப்.ஐ.ஆர் வெளியே கசிந்தது. அந்தக் கசிவுக்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அடுத்த மாதமே, 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பெண்கள் பாதுகாப்புக்காக இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. 1998-ம் ஆண்டின் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டத்தில் டிஜிட்டல் துன்புறுத்தலையும் சேர்ப்பது அவற்றில் ஒன்று.

ஆனால், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்னும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு, பாலியல் குற்றங்களுக்கானது. கணவர் அல்லது அவர் வீட்டாரின் கொடுமை பற்றிய 85-வது பிரிவுப் புகார், அந்தப் பாதுகாப்புக்குள் வராது. எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவு. உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர், டி.எஸ்.பி நிலைக்குக் குறையாத அதிகாரி. ஆகவே, புகார் கொடுக்கும்போதே, 'என் தற்போதைய முகவரி வெளியே தெரிந்தால் ஆபத்து' என்று எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

மாற்று முகவரி தர முடியாதா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1991லேயே இதற்கொரு வழி கண்டது. வன்முறையிலிருந்து தப்பிய பெண்ணுக்கு அரசே ஒரு மாற்று முகவரி தரும். அரசு ஆவணங்களில் அந்த முகவரிதான் இருக்கும். அங்கே வரும் கடிதங்களை அரசு அவருக்கு அனுப்பிவைக்கும். பிறகு பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. 2022ல் அந்த நாடு இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. கணவரோடு சேர்ந்த ஃபேமிலி பிளானிலிருந்து தன் எண்ணைப் பிரித்துத் தரும்படி பெண் கேட்டால், தொலைபேசி நிறுவனம் இரண்டு வேலை நாள்களில் செய்துதர வேண்டும்.

நம் ஊரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 1992லேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கிய மாநிலம் இது. திருவள்ளூர் மாவட்டப் பெண் ஒருவர், வாடகை வீட்டு முகவரிக்குப் பதில் பாதுகாப்பு அலுவலரின் அலுவலக முகவரியை ரேஷன் கார்டிலும் குழந்தையின் பள்ளிப் பதிவேட்டிலும் கொடுக்க அனுமதித்தால், பாதி பயம் போய்விடும். புதிதாகக் கட்டடம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை

* உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து மொபைல் எண்ணை மாற்றலாம். பழைய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி தேவையில்லை.

* வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியையும், கூகுள் கணக்கில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். இன்னும் அதே வீட்டில் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே நாளில் துண்டிக்க வேண்டாம். கண்காணிப்பவருக்குச் சந்தேகம் வந்து, வன்முறை கூடலாம். முதலில் பாதுகாப்பான இடம், பிறகு பாஸ்வேர்டு.

* மிரட்டல் மெசேஜ்களை அழிப்பதற்கு முன், நம்பகமான ஒருவரிடம் நகல் கொடுத்துவையுங்கள்.

* தனியாக வங்கிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் புதிய எண்ணையே கொடுங்கள்.

* மகளிர் உதவி எண் 181, அவசர போலீஸ் 112. பேசி முடித்ததும் கால் லிஸ்ட்டிலிருந்து அந்த எண்ணை நீக்குங்கள்; முடிந்தால் வேறொருவர் போனிலிருந்து பேசுங்கள்.

* ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவியோடு, ஐந்து நாள்கள் வரை தங்கவும் இடம் கிடைக்கும்.

* இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மனு எழுதும்போதே முகவரி பற்றிய பயத்தை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஹவுஸ் ஓனர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'அந்தப் பொண்ணு இங்கதான் இருக்குதா?' என்று யாராவது போட்டோவோடு வந்து கேட்டால், அவர் அண்ணன் என்றே சொன்னாலும், 'தெரியாதுங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டு, முதலில் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்.